வேர்ப்பாலத்துக்கு எத்தனை படி

தேக்கா,
23.10.2025

குணமணிக்கு,

அன்றைக்கு நம் டிராவல் ஆபீசில் இருந்தவர்கள்: மேனேஜர் சிதம்பரம், விசா வேலை பார்க்கும் அப்துல் அலீம், முன் கவுண்டரில் உட்காரும் உம்மு சல்மா, பள்ளி விட்டு அவள் கூட்டி வந்திருந்த மகள் ஆஸ்மா, டிக்கெட் போடும் நீங்கள், தேத்தண்ணி போட்டு ஆபீசைக் கூட்டித் துடைக்கும் நான். ஆறு பேர். 2008, சரஸ்வதி பூசை, புதன்கிழமை. சுண்டலில் உப்பு கொஞ்சம் தூக்கல். செல்லக்கண்ணு மறந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

டிராவல் ஆபீஸ் செலவில் ஒரே ஓர் ஆள் மேகாலயா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தது. பெரியவர்கள் ஐந்து பேர் பெயரையும் சீட்டில் எழுதிச் சாமி படத்துக்கு முன்னால் போட்டார்கள். ஆஸ்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். உம்மு சல்மா சத்தமாகப் படித்தாள்: "செல்லக்கண்ணு!" எல்லாரும் கை தட்டினீர்கள். நீங்களும் தட்டினீர்கள், பார்த்தேன்.

மறுநாள் சிதம்பரம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஊரைப் பாத்துட்டு வந்து விக்கிறவங்க போனாத்தான் ஆபீசுக்கு லாபம். தேத்தண்ணி போடுறவங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றார். சாமி கொடுத்த சீட்டு என் கையில் இருந்தது. டிக்கெட் உங்கள் கைக்குப் போனது. நீங்கள் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் உங்கள் மேசையில் தேத்தண்ணி வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு நாளும் சீனி குறைத்துப் போட்டதில்லை.

இப்போதும் பேச வரவில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. உம்மு சல்மாவிடம் உங்கள் விலாசம் வாங்கினேன்.

தீபாவளியன்று என் மகன் வெங்கட் சாப்பிட்டுக்கொண்டே, "டிசம்பர்ல குடும்பத்தோட இந்தியா போறோம். எங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றான். மருமகள் காஷ்மீர் என்றாள். பேரன் நிதீஷ், லடாக்கில் பைக் ஓட்டணும் என்றான். பேத்தி தாரணிக்கு ராஜஸ்தான் கோட்டை. வெங்கட்டுக்குக் கேரளா, படகில் படுத்துக்கொண்டே தூங்கலாமாம். என்னை யாரும் கேட்கவில்லை. "அம்மாவுக்கு ராமேஸ்வரம் ஒரு நாள் சேத்துக்கலாம்" என்று முடித்துவிட்டான்.

இருபத்தொரு வருஷம் அந்த ஆபீஸ் சுவரில் இருந்த படங்களை ஈரத்துணியால் துடைத்தவள் நான். நீங்கள் எல்லாரும் போனில் ஆட்களுக்குச் சொன்னதெல்லாம் இந்தக் காதில்தான் விழுந்தது. சொன்னேன்: "டிசம்பர்ல லடாக்ல குழாய்லயே தண்ணி உறைஞ்சிடும், பைக்க தள்ளிக்கிட்டுத்தான் வரணும். கோட்டை பாக்கறதுன்னா ஜெய்சல்மேர்ல ரெண்டு ராத்திரியாச்சும் தங்கணும், ஒரு ராத்திரி தங்குறவன் ஒட்டகத்த மட்டுந்தான் பாப்பான். கட்ச்ல உப்புப் பாலைவனத்தப் பௌர்ணமிக்குப் பாக்கணும். கேரளாவுக்கு மழை விட்டப்புறம் போ, ஆனா நீ தூங்கறதுக்கு இங்கயே கட்டில் இருக்கு."

சோற்றில் வைத்த கையோடு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிதீஷ், "பாட்டி, நீங்க என்ன கூகுளா?" என்றான். "கூகுள் நேத்துப் பொறந்தது லா" என்றேன்.

தாரணிதான் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு எங்க போகணும் பாட்டி?" மேகாலயா, மரத்தின் வேரே ஆற்றுக்குக் குறுக்கே பாலமாக வளர்ந்திருக்கும் இடம் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, பதினேழு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது என்று.

பிள்ளைகள் உடனே சரி என்றார்கள். வெங்கட் மட்டும் என் முட்டியைப் பார்த்தான். "படி எறங்கணும்மா. எத்தன படின்னு சரியாத் தெரிஞ்சாத்தான் புக் பண்ணுவேன்" என்றான். இன்டர்நெட் மூன்று விதமாகச் சொல்கிறது. எனக்குத் தெரிந்து அங்கே போனவர் நீங்கள் ஒருவர்தான். நவம்பர் பதினைந்தாம் தேதிக்குள் அவன் முடிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கேரளா. எனக்கு வயது எழுபத்தாறு. அடுத்த வருஷம் இந்த முட்டி இருக்கும் என்று எந்தச் சாமியும் எழுதிக் கொடுக்கவில்லை.

எத்தனை படி? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? அதை மட்டும் எழுதினால் போதும்.

செல்லக்கண்ணு

●

காத்தோங்,
30.10.2025

அன்பின் செல்லக்கண்ணு,

நீர் எழுதின கடிதம் கிடைத்தது. தபால்காரன் கையால் எழுதின உறையைப் பார்த்து, "ஆன்ட்டி, இது கல்யாணக் கடிதமா?" என்று கேட்டான். இல்லை, சண்டைக் கடிதம் என்றேன். இங்கேயிருந்து தேக்காவுக்குப் பேருந்தில் முக்கால் மணித்தியாலம். நீர் கதைக்கமாட்டீர், எழுதுவீர். நல்ல சட்டம். நீர் மாறவேயில்லை என்று கண்டு சந்தோஷப்பட்டேன்.

கேட்டதற்குப் பதில். முந்நூற்றுப் பன்னிரண்டு படி. வாடிக்கையாளர் கேட்பார்கள் என்று இறங்கும்போது எண்ணிக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஏறும்போது மூச்சு எண்ணவிடவில்லை. கற்படிகள், அகலமாக இருக்கும், ஆனால் உயரம் ஒன்றுபோல இராது. பாதி தூரம் மூங்கில் கைபிடி உண்டு, மீதிக்கு இல்லை. படித் தொடக்கத்தில் மூங்கில் தடி கொடுப்பார்கள், கட்டாயம் வாங்கும். பாசி பிடித்த இடத்தில் கால் பக்கவாட்டில் வையும். சேலையோடு இறங்க வேண்டாம். இறங்குகிறது பெரிதில்லை, மறுநாள்தான் முழங்கால் கதை சொல்லும். அதனால் அடுத்த நாளுக்கு ஊர் சுற்றல் ஒன்றும் வைக்கவேண்டாம் என்று மகனிடம் சொல்லும்.

டிசம்பரில் மழை இராது, ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பச்சைக் கண்ணாடி மாதிரி அடி தெரியும். குளிர் உண்டு. காலுறை கொண்டு போம்.

லடாக் பற்றி நீர் சொன்னதை என் பேரன் யதீசனுக்கு வாசித்துக் காட்டினேன். "யார் அப்பம்மா இந்த ஆன்ட்டி, கைட்டா?" என்றான். எங்கள் ஆபீசில் இருந்த ஆட்களிலேயே இந்தியா முழுக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்றேன். இதை அந்தக் காலத்திலேயே உம்மிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உம்முடைய சுகத்துக்கு எழுதும்.

அன்புடன்,
குணமணி ஜெயரத்தினம்

●

தேக்கா,
9.11.2025

குணமணிக்கு,

படிக் கணக்கு கிடைத்தது. நன்றி. நன்றி சொன்னதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வெங்கட் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றதும், "முடியாதும்மா" என்றான். மறுநாள் காலையில் எங்கள் புளோக்கில் லிப்ட்டை விட்டுவிட்டுப் பதினோராம் மாடியிலிருந்து படியிலேயே இறங்கினேன். மாடிக்குப் பதினாறு படி, தரைதான் முதல் மாடி, கீழே வரும்போது நூற்று அறுபது. லிப்ட்டில் ஏறி மறுபடி ஒரு தடவை. முந்நூற்று இருபது ஆயிற்று. முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நான்காம் நாள் பிடிக்கவில்லை. ஏழாம் நாள் நான்கு மாடி ஏறியும் பார்த்தேன்.

எட்டாம் மாடிச் சீனக் கிழவர் கதவைத் திறந்து, "லிப்ட் ரோசாக்கா?" என்று கேட்டார். "லிப்ட் கெட்டுப் போகல, நான்தான் இந்தியா போறேன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

எட்டாம் நாள் வெங்கட்டைக் கூட வரச் சொன்னேன். ஆறாம் மாடியில் அவன் நின்றுவிட்டான். நான் கீழே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, புக் பண்றேன்" என்றான். டிசம்பர் மூன்றாம் தேதி கிளம்புகிறோம். ஷில்லாங்கில் இரண்டு ராத்திரி, சிராபுஞ்சிப் பக்கம் மூன்று. மூன்று போதுமா என்று ஏஜென்ட் பெண் கேட்டாளாம், தாரணி என்னிடம் போனைக் கொடுத்தாள். எந்த நாள் எங்கே என்று நானே சொன்னேன். அந்தப் பெண், "மேடம், நீங்க இந்த லைன்ல இருந்தீங்களா?" என்றாள். ஆமாம், இருபத்தொரு வருஷம் என்றேன். பொய் சொல்லவில்லையே.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் படத்தையும் எடுத்துப் போகப் போகிறேன். போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. டிக்கெட் கைவிட்டுப் போன அன்றைக்கு நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தபோது, தேக்கா கடையில் முர்தபா ரொட்டி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர்தான். "அந்தக் குணமணி மூஞ்சிலயே முழிக்காத. கூடப் பழகுறவங்கதான் குழி வெட்டுவாங்க" என்றார். உங்கள் எல்லாரையும்விட எனக்காகச் சங்கடப்பட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் பாலத்தில் அவர் படத்தை வைத்து, பாருங்கள், வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

காலுறை வாங்கியாயிற்று.

செல்லக்கண்ணு

●

காத்தோங்,
13.11.2025

அன்பின் செல்லக்கண்ணு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். படத்தைக் கொண்டு போகிறேன் என்று நீர் எழுதாவிட்டால், இதை என்னோடேயே கொண்டு போயிருப்பேன்.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் வியாழக்கிழமை நான் நேரத்தோடு ஆபீசுக்கு வந்தேன். படிக்கட்டடியில் சிதம்பரமும் உம்முடைய வீட்டுக்காரரும் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அவ மூணாங் கிளாஸ். தேத்தண்ணி போடுறவ அங்க போய் என்ன பண்ணப் போறா? எங்கயாச்சும் தொலைஞ்சு போயிடுவா. எட்டு நாளு எனக்குச் சோறு யாரு போடுறது? வேற ஆள அனுப்புங்க சார். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, நீங்களும் சொல்ல வேணாம், குடும்பத்துல சண்டை வரும்" என்று கும்பிட்டார். சிதம்பரம் என்னைப் போகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நான் போகாவிட்டால் அந்த இடம் வீணாய்ப் போகும் என்றார். எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்கமாட்டேன். போனேன். வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீர் என்னோடு கதைக்கிறதை நிறுத்திவிட்டீர். பிறகு, உம்முடைய வீட்டில் பிரச்சினை வேண்டாம், என்னோடு கோபமாயிருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் காலமானபோது சொல்லவே கூடாது என்று நினைத்தேன்.

நான் செய்தது சரியென்று எழுதவில்லை. நீர் போய் வாரும். கட்டாயம் போய் வாரும்.

குணமணி

●

தேக்கா,
18.12.2025

குணமணி அக்காவுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. முதல் மூன்று நாள் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என் ஞாபகம்தான் என்னை விடவில்லை. அந்த வியாழக்கிழமை அவர் பாலிகிளினிக் போய்விட்டு வந்தேன் என்றார். சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் நம் ஆபீஸ் பூசைச் சந்தனப் பொட்டலம் இருந்தது. பழைய விமான டிக்கெட் தாளை நான்காய்க் கிழித்து நான்தான் அதையெல்லாம் மடித்திருந்தேன். எப்படி வந்தது என்று கேட்டேன். "நீ கொண்டாந்து வெச்சதுதான்" என்றார். நம்பினேன். உம்மு சல்மாவுக்கும் போன் போட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அழுதாள். போதும்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அவர் நல்ல தாத்தா, அப்படியே இருக்கட்டும். படத்தை எடுத்துப் போகவில்லை. வெங்கட் கேட்டான், பெட்டியில் இடமில்லை என்றேன்.

போனேன் அக்கா. ஏழாம் தேதி காலை ஒன்பதரைக்கு இறங்க ஆரம்பித்தோம். தடி வாங்கினேன், சுடிதார் போட்டேன், பாசியில் கால் பக்கவாட்டில் வைத்தேன். நீங்கள் எண்ணியது தப்பு. முந்நூற்றுப் பதினெட்டு. கீழே போய்ச் சேர்ந்து, தாரணியையும் கேட்டேன், அவளும் பதினெட்டுதான் என்றாள். மருமகள் இருநூறில் உட்கார்ந்துவிட்டாள். வெங்கட் இறங்கவே இல்லை, மேலே கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

பாலத்தில் ஏறி நடுவில் நின்றேன். ஆபீஸ் படத்தில் கண்ணாடிக்கு மேல் துடைத்த வேர் வேறு, இது வேறு. கையால் தொட்டேன். யானைத் தோல் மாதிரி சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. ஒரு பாட்டன் நட்டு, மகன் வளைத்து, பேரன் நடக்கிற பாலம் என்று நீங்கள் போனில் ஆட்களுக்குச் சொல்வீர்களே, அதை எங்களைக் கூட்டிப் போன பையன் ஹிந்தியில் சொல்ல ஆரம்பிக்கும்போதே நான் தமிழில் சொல்லி முடித்துவிட்டேன். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நின்றது. அவர்களில் ஒருத்தி, "அம்மா, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். நிதீஷ் வீடியோ எடுத்தான். "எங்க பாட்டி மூணாங் கிளாஸ்" என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னான். அந்த வார்த்தையை அப்படியும் சொல்லலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் தூக்கவில்லை. மறுநாள் முட்டி கதை சொல்லியது. கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

வாசலில் செருப்பு விடும் இடம் எங்கள் வீட்டில் இடது பக்கம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். லிப்ட்டிலேயே வரலாம். நான் பேசுகிறேன். அதிகமாகப் பேசுவேன், பதினேழு வருஷம் பாக்கி இருக்கிறது. அடுத்த வருஷம் கட்ச் போகலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், எந்தப் பௌர்ணமி என்று என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள். உங்களுக்கும் ஒரு சீட் கேட்டிருக்கிறேன்.

அன்புள்ள,
செல்லக்கண்ணு

பி.கு. சிதம்பரத்தை மன்னித்துவிட்டேன். அவர் என்னிடம் சொன்ன பேச்சு அவருடைய பேச்சே இல்லை. உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் என்னைப் போகவிடாமல் செய்ததைக்கூட, அந்தக் காலத்து ஆள், சோற்றுக்குப் பயந்தவர் என்று விட்டுவிடலாம். ஆனால் நான் உங்களைத் திட்டிய ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாரே. பதிமூன்று வருஷம் கேட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட மகனைச் சொல்லச் சொல்லுவேன். இப்போது நானே எழுதுகிறேன். நான் மன்னிக்கப் போவதில்லை என்கிற ஒரே ஆள்:

மருதப்பன்.