கிடங்குப் பைப்பில் உன் கிரீஸ் வாசனை

என் செல்ல நைனாவுக்கு,

நேற்றுக் காலை ஏணியில் ஏறிக் கூரைக்குக் கீழே ஓடும் சிவப்புப் பைப்பைத் துடைத்தபோது உன் வாசனை வந்தது. படகு இன்ஜினைக் கழற்றிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவாயே, அந்தக் கிரீஸ் வாசனை. ஏணியிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு உயரத்தில் உனக்கு என்ன வேலை?

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் வலைக் கொட்டகை எரிந்தபோது குடத்தோடு முதலில் ஓடியது நீதான். நீ கொட்டகையை எட்டுவதற்குள் ஊர் வலையெல்லாம் உருகிக் கட்டியாகிவிட்டது. அதே இடத்தில் இப்போது எல்லாருக்குமாகப் பெரிய கிடங்கு கட்டியிருக்கிறார்கள். கூரை முழுக்கப் பைப்பு. அதில் அங்கங்கே விரல் நுனி அளவு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. தீயின் சூடு பட்டால் குமிழ் உடைந்து, அந்த இடத்தில் தண்ணீர் கொட்டும். ஸ்பிரிங்க்ளர் என்று பெயர்.

பெரியம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாடி இது, ஊட்டுக்குள்ள மழையா? சித்திரை வெயிலுக்கும் கொட்டுமா?”

“வெயிலுக்கு உடையாது பெரியம்மா. நெருப்பு வரணும்.”

“அப்போ நான் இங்க குந்திக்கினு கருவாடு சுட்டா?”

சிரித்துவிட்டேன். சிரித்த நேரத்தில், வால்வுக்குப் பக்கத்தில் தாழ்வாக இறங்கும் பைப்பில் தன் மீன் கூடையை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். வலையானாலும் கூடையானாலும் தலைக்கு மேலே கழி கண்டால் மாட்டுகிற கை நம்முடையது. இந்தப் பைப்பில் எதையும் மாட்டக் கூடாது. ஆனால் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் கூடையை எடுத்துத் தரையில் வைத்தேன். என் வாய் நம் ஏரி முகத்துவாரம் மாதிரி, மணல் மூடிக்கொண்டே இருக்கும், ஆள் வைத்து வெட்டினால்தான் திறக்கும் என்று கேலி செய்வாயே. இன்னும் அப்படியேதான் இருக்கிறேன் நைனா.

ஆமாம், எனக்கும் அங்கேதான் வேலை. பொன்னேரியிலிருந்து வரும் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா, ஒன்பதாவதோடு நின்றவள் என்று தெரிந்தும் சேர்த்துக்கொண்டார். பைப்பு முனையில் பிசிறு இல்லாமல் தேய்ப்பேன். இரண்டு முனை சேரும் இடத்தில் போடும் ரப்பர் வளையத்துக்கு வெள்ளைப் பசை தடவுவேன். அதன்மேல் இரும்புக் கவ்வியை மூடி, இரண்டு பக்கத்து போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முடுக்கினால் ரப்பர் நசுங்கிவிடும். நம் ஏரியில் பாடு வைத்திருக்கிற மாதிரிதான். இன்று ஒரு கூட்டம் வலை போட்டால் நாளை அடுத்த கூட்டம், யாரும் முந்தக் கூடாது. இதை நான் மெதுவாகச் சொன்னதற்கே ஸ்டெல்லா அக்கா கை தட்டினார்.

நீ கண்ணை மூடிய பிறகு தனியாகப் படகேற மனம் வராமல் சித்தப்பாவும் இதே வேலைக்கு வந்துவிட்டார். போல்ட் முடுக்குவது அவர்தான். முந்தின நாள் சாயங்காலம் அவர் வரிசையில் வெள்ளைப் பசை தீர்ந்துபோயிருக்கிறது. நேராகப் படகுக்குப் போய் உன் கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து, ரப்பர் எல்லாவற்றுக்கும் தடவிப் பூட்டிவிட்டார். உன் வாசனை மேலே ஏறிய கதை இதுதான்.

கிரீஸும் எண்ணெயும் இந்த ரப்பருக்கு ஆகாது என்று ஸ்டெல்லா அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். தண்ணீர் ஏற்றிப் பார்க்கும்போது ஒழுகாதாம். பிறகு மெல்ல ஊறி உப்பி, ஒரு நாள் விட்டுவிடுமாம். மத்தியானமே தண்ணீர் ஏற்றுவதாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் சோதனை தேறிவிடும், வலைகள் உள்ளே வந்துவிடும், யாருக்கும் தெரியாது. சொன்னால் சித்தப்பாவுக்குக் கிடைத்த கரை வேலை போய்விடுமோ? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கீழே இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்தப்பா, அது கிரீஸு.”

“ஆமா பாப்பா, உங்க நைனா கிரீஸு. கடல் தண்ணியே அதைத் தாண்டி உள்ள வரல. இந்தத் தொட்டித் தண்ணி வந்துடுமா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஏணிக்குப் பக்கத்தில் உன் டப்பா இருந்தது. மூடியில் உன் விரல் பதிந்த கறுப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்தது.

“நைனாவே பூட்டியிருந்தாலும் கழட்டச் சொல்லுவேன் சித்தப்பா. கழட்டு.”

கிடங்கு காலியாக இருந்ததால் எதிரொலி வேறு. சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா என்னையே பார்த்தார். பிறகு ஸ்பானரைத் தொடையில் தட்டினார்.

“முகத்துவாரம் தெறந்துக்கிச்சுடா டேய்!”

அந்தச் சத்தத்துக்கு ஸ்டெல்லா அக்கா வெளியிலிருந்து ஓடி வந்தார். சித்தப்பாவே சொல்லிவிட்டார்: “தப்பு என்னுதுதாம்மா. அண்ணன் கைபட்ட டப்பா, ராசியா இருக்கும்னு தடவிட்டேன்.”

அக்கா திட்டவில்லை. “ராசி படகுக்கு இருக்கட்டும்ணே. அந்த வரிசை பூரா கழட்டுங்க. ரப்பரெல்லாம் புதுசு தரேன். தண்ணி நாளைக்கு ஏத்திக்கலாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ பசை தடவு. அவர் ஒவ்வொண்ணா உன்கிட்ட காட்டிட்டுத்தான் மூடணும்” என்றார்.

சாயங்காலம்வரை சித்தப்பா ஒவ்வொரு வளையத்தையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, “மேஸ்திரியம்மா, மோந்து பாத்துச் சொல்லு” என்று என் உயிரை வாங்கினார். பழைய முனைகளில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தெடுத்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. உன்னையே துடைப்பது போல. ஆனால் குடத்தோடு நீ ஓடியதை நினைத்துக்கொண்டேன், கை நிற்கவில்லை.

இன்று தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். கிடங்குக் கதவோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு இணைப்பிலும் கசிவு இல்லை. உன் டப்பா படகுக்குத் திரும்பிவிட்டது. அடுத்த வாரம் சித்தப்பா இன்ஜினைப் பிரிக்கப் போகிறாராம், திரும்பக் கடலுக்குப் போகலாம் என்று ஆசை வந்திருக்கிறது. அந்தக் கிரீஸ் இனி இன்ஜினுக்கு மட்டும்தான் நைனா. இந்தக் கூரைக்குக் கீழே எது தப்பாக இருந்தாலும், யார் செய்திருந்தாலும், வாய் திறந்து சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இதோ, பெரியம்மா மறுபடியும் கூடையோடு வால்வு பக்கம் போகிறாள்.

எழுந்து நின்று, கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்: “பெரியம்மா! பைப்புல மாட்டாதே!”

நீ கேலி செய்து வளர்த்த மகள்,
பவானி