பதினொன்றில் ஒரு காப்பிக்கொட்டை

அன்புத் தனம்,

சிரிக்காதே. உன் மதினிதான் எழுதுகிறேன், உன் வகுப்பறையில், உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. வேறு போக்கில்லை. பள்ளி முற்றத்தில் ஒற்றை யானை நிற்கிறது. கதவை அடைத்து இரண்டு மணி நேரமாகிறது. வனத்துறைக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம், போனில் சொன்னார்கள்.

நீ மாற்றலாகிப் போய் நாலு மாதமாகிறது. "உங்க நாத்தனார் பிள்ளைங்க, நீங்கதான் பாத்துக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளிவாசல் மலைக்கு ஏறியவள், இறங்க வழியில்லாமல் கிடக்கிறேன். எலப்புள்ளியில் எங்கள் வயலில் இப்போது நடவு நடக்கும். நான் இங்கே யானைக்குப் பயந்து ஜன்னலைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் விளையாட்டுப் பெட்டியை வந்த அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திட்டிக்கொள். பத்து பீன்ஸ் விதைகளைப் பரப்பி, நடுவில் ஒரு காப்பிக்கொட்டையை நழுவவிடுவாய். சில விதைகளைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, "ஒளிஞ்சது எத்தன?" என்பாய். கொட்டையை முதலில் தள்ளிவைக்காமல் வெளியே கிடப்பதை எண்ணிக் கழிக்கிற பிள்ளைக்கு விடை தப்பும்.

"இதென்ன புள்ளைங்கள ஏமாத்தற வேல?" என்று ஒருநாள் சண்டைக்கு வந்தேன்.

"எத எண்ணுதோம்னு தெரியாம எண்ணி என்ன பிரயோசனம், மதினி?" என்றாய். நான் எங்கே காதில் வாங்கினேன்? நோட்டு நோட்டாக எழுதவைத்தேன்.

இன்று யானையைக் கண்டதும் கதவைச் சாத்தி, அவசர அவசரமாகத் தலைகளை எண்ணினேன். பதினொன்று. ஹாஜர் புத்தகத்தில் இன்று வந்தவர்களும் பதினொன்று. அப்பாடா என்றிருந்தது. அழுத பிள்ளைகளை அமர்த்த வேறு வழி தெரியாமல் உன் பெட்டியைத் திறந்தேன்.

கௌசல்யா காப்பிக்கொட்டையைத் தள்ளிவைத்தாள். அப்புறம் விதைகளை விட்டுவிட்டு வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"டீச்சர், செல்வியோட தம்பி நம்ம கிளாஸ் இல்லல்லா? அப்ப நாம பத்துதான். ஒன்னு ஒளிஞ்சிருக்கு."

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று செல்வி கூட்டிவந்திருந்த மூன்று வயதுப் பயலையும் சேர்த்து எண்ணித் தொலைத்திருக்கிறேன். ரம்யாவைக் காணோம். யானை வருவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போனவள் திரும்பவே இல்லை.

பின்கதவு வழியாகக் கழிப்பறைக்கு ஓடினேன். உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, அழாமல் நின்றிருந்தாள். தூக்கிவந்து கதவை அடைத்த பிறகுதான் கேட்டேன்.

"ஏஞ்சாமி, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"யானைக்குக் கேட்டுரும்லா டீச்சர். நான் இல்லாட்டி பத்துதான வரும், நீங்க தேடி வருவீகன்னு இருந்தேன்."

எனக்குப் பதினொன்று வந்ததே, தனம். நிம்மதியாக உட்கார்ந்தேனே. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நீ இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

யானை இன்னும் போகவில்லை. ரம்யா என் மடியில்தான் இருக்கிறாள். கீழே பிள்ளைகள் சிரட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். பெட்டிக்கு இனிப் பூட்டு கிடையாது. நாளைக்குக் காப்பிக்கொட்டையை நானே நழுவவிடுவேன். அதற்கு முன்னால், இந்தக் கதவு திறந்ததும், ரம்யாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன். அவள் இல்லாததைக் கண்டுபிடித்தது கௌசல்யா, நான் இல்லை என்று. இது உன்மேல் சத்தியம்.

இன்றுதான் எண்ணக் கற்றுக்கொண்ட,
உன் மதினி