போகிற காதுக்கு இரண்டேகால் லட்சம்

உன் பெட்டிகள் இன்று காலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பாளையங்கோட்டையிலிருந்து தச்சநல்லூர் வரை லோடு ஆட்டோவில், உன் பழைய மெத்தை இரண்டுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வந்தன. என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் மரப்பெட்டிகள், தூக்கினால் கை இற்றுப்போகிற கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர். கூடத்தில் நிறுத்தி மேலே சுற்றியிருந்த சேலையை உருவினேன். குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசம். பெட்டி விற்ற கடைக்காரர் அத்தனை முறை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், எண்ணெய் தொட்டுத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் இனி கோயம்புத்தூரில் மகளோடுதான் இருக்கப்போகிறார். வீட்டை வாடகைக்கு விடுமுன் எனக்குப் போன் செய்து, "தங்கச்சி, அந்தப் பாட்டுப் பெட்டி ஒங்கிட்டதான் இருக்கணும். வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றார். நான் மறுக்கவில்லை.

என் மகன் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். விலை என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"ரெண்டேகால் லட்சமா! பாட்டு கேக்கதுக்கா? போன்லயே கேட்டுக்கிடலாமேம்மா" என்றான்.

"வெலையெல்லாம் சரிதாம்லே. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு எனக்கே திகைப்பாக இருந்தது. அந்த விலைக்காக உன்னோடு சண்டை போட்டவள் நான். நாலு மாதம் உன் வாசற்படி மிதிக்காதவள் நான். கடைசிவரை விலை அதிகம்தான் என்று சாதித்தவளும் நான்தான். இன்றைக்கு அதே விலையைச் சரி என்று அடித்துப் பேசுகிறேன். யாரிடம் ஒத்துக்கொள்ள வேண்டுமோ அவளிடம் ஒத்துக்கொள்ளாமல் மகனிடம் சொல்லி என்ன பிரயோசனம்? அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் இரண்டு பேரும் ஒற்றைக் காதை வைத்துப் பிழைத்தவர்கள். தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டு முன்னால் அடுத்தடுத்த நாற்காலி. ஹெட்செட்டின் ஒரே குமிழ் இடது காதில் இருக்கும். வலது காது, சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்பதற்கு. விக்கிரமசிங்கபுரத்து மில்லுக்கு ஒரு கால், ஏரல் வாழைத்தார் மண்டிக்கு ஒரு கால் என்று பொழுதுக்கும் ஒயரைச் செருகுவதும் உருவுவதுமாக இருப்போம். எதிர்முனையில் ஒருவர் தொண்டையைச் செருமினாலே இன்ன மண்டி அண்ணாச்சி என்று சொல்லிவிடுவாய் நீ. நம்மைப் பொறுத்தவரை நல்ல சத்தம் என்றால் ஒன்றுதான்: பேசுகிறவர் சொல்லுவது விளங்க வேண்டும். விளங்கினால் 'லைன் கிளியர்'. அதற்கு மேல் ஒரு சத்தத்தில் என்ன இருக்க முடியும் என்று நாம் யோசித்ததே இல்லை. போர்டை எடுத்த பிறகு விசாரணைப் பிரிவில் போட்டார்கள். அங்கேயும் ஹெட்செட்தான், அங்கேயும் இடது காதுதான்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நீ என் வீட்டுக்கு வந்தாய். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாய்.

"ஏட்டி, காது டாக்டரப் பாத்துட்டு வாரேன். இடது பாதி போயிட்டாம். வலதும் பையப் போகுதாம். ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு வருஷம் நல்லா கேக்கும்ங்காரு."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "ஹெட்செட் போட்டதுனாலயாட்டி?"

"அவரு வயசுங்காரு. நான் ஹெட்செட்டுங்கேன். அத விடு."

"அப்பம் காதுக்கு மெஷின் வாங்கிருவோம்."

"மெஷின் பொறவு வாங்கிக்கிடலாம். இப்பம் எனக்கு நல்ல ஸ்டீரியோ ஒண்ணு வாங்கணும். இத்தன வருஷமும் ஒத்தக் காதுல ஊரான் பேச்சக் கேட்டாச்சு. இருக்க மட்டும் ரெண்டு காதாலயும் நாயனம் கேக்கணும்ட்டி."

நீ அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டும் என்பதுபோல் சொன்னாய். அதனால் எனக்கும் அதன் கனம் உறைக்கவில்லை. எவ்வளவுக்கு வாங்கப்போகிறாய் என்று கேட்டேன். ஓய்வுப் பணத்தில் உனக்கு வளையல் செய்ய எடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது என்றாய். வளையல் என்றால் கையில் கிடக்கும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும், பேத்திக்குப் போகும். இது அஞ்சு வருடத்தில் பழைய சாமான் என்று பிரசங்கமே செய்தேன். உன் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ காசு, அவ காது" என்று முடித்துவிட்டார்.

கடைக்கு நானும் கூட வந்தேன். உன்னைத் தடுப்பதற்கென்றே வந்தேன் என்று இப்போது சொல்லலாம். ஜங்ஷன் பக்கத்துக் கடை. உள்ளே கனத்த திரை போட்ட ஓர் அறை, அதற்குள் பாட்டு கேட்டுப் பார்க்க நாற்காலிகள். அங்கே நாம் பண்ணிய கூத்து! கடைக்காரர் முதலில் இரண்டேகால் லட்ச ரூபாய்ப் பெரிய பெட்டிகளில் ஒரு பாட்டைப் போட்டார். போட்டதுதான் தாமதம், நாம் இரண்டு பேரும் இடது காதைப் பெட்டிப் பக்கம் சாய்த்து, வலது காதை உள்ளங்கையால் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டோம். போர்டில் லைன் மங்கலாக வந்தால் அப்படித்தானே செய்வோம்? அந்த மனிதர் நம்மைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

"வாயில சோத்த வச்சிக்கிட்டுப் பாடுத மாதிரில்லா இருக்கு" என்றேன் நான். நீயும் தலையாட்டினாய்.

அடுத்து முப்பத்தையாயிரம் ரூபாய்ப் பெட்டிகள். குரல் கீச்சென்று சன்னமாக வந்தது. சொல் சொல்லாக விளங்கியது. "லைன் கிளியர்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"யக்கா, கேக்க வாரவங்க மொதல்ல ஒதுக்குதது இதத்தான்" என்றார் கடைக்காரர் தயங்கித் தயங்கி.

"மத்தவங்களுக்கு என்ன தெரியும் தம்பி? கேட்டுக் கேட்டுப் பழுத்த காது எங்க காது" என்று அவர் வாயை அடைத்தேன். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்ட பெருமை எனக்கு. வீடு வரும்வரை ஆட்டோவில் நானேதான் பேசிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து நீ போன் செய்தாய். "ஏட்டி, நாம வாங்கிட்டு வந்தது ஸ்டீரியோ இல்ல. டிரங்க் கால்."

நடந்ததைச் சொன்னாய். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது நாயனம் ஓடிக்கொண்டிருந்ததாம். "ரெண்டு கையும் மாவுல இருந்துச்சா, காதப் பொத்த முடியல. அப்பந்தாம்ட்டி தெரிஞ்சுது. தவிலே இல்ல. தவில்காரர வாசல்லயே நிறுத்திட்டு நாயனத்த மட்டும் உள்ள விட்டிருக்கு இந்தப் பெட்டி."

என்னிடம் சொல்லாமலே அடுத்த நாள் கடைக்குத் தனியாகப் போனாய். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கேட்டாயாம். பழையதை நஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுத்து, இந்தப் பெட்டிகளை வாங்கி வந்துவிட்டாய். நான் பார்க்க வந்தபோது உன் கூடத்தில் இரண்டும் சம்பந்தி வீட்டார்போல் விறைப்பாக நின்றன. விலையைச் சொன்னாய். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"போற காதுக்கு எதுக்குட்டி இம்புட்டு?"

கேட்டிருக்கவே கூடாது. உன் முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு சரியாகிவிட்டது.

"போறதுனாலதாம்ட்டி" என்றாய்.

அவ்வளவுதான். திட்டவில்லை, போ என்று சொல்லவில்லை. தப்பாகப் பேசியவள் நான், ரோஷமும் எனக்கே வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாலு மாதம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உன் பக்கம் வரவில்லை. டாக்டர் உன் காதுக்குச் சொன்ன கெடுவில் நாலு மாதத்தை என் வீம்பு தின்றுவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் நான் செய்த பெரிய குற்றம் இதுதான். வேறு பேச்சில்லை.

நீதான் கூப்பிட்டாய். போனை எடுத்தால் அந்தப் பழைய போர்டுக் குரல். "தச்சநல்லூரா? பாளையங்கோட்டைலேர்ந்து அர்ஜென்ட் கால். லைன்ல இருங்க." நான் சிரித்துவிட்டேன். "வியாழக்கெழம பத்து மணிக்கு வாட்டி. நாயனம் கேப்போம்" என்று வைத்துவிட்டாய்.

வந்தேன். கூடத்து நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. என்னை அதில் உட்கார்த்தினாய். என் கை தானாக வலது காதுக்குப் போயிற்று. அதை எடுத்து மடியில் வைத்தாய். சாய்ந்த என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாய். "தலையச் சாய்க்காத. கைய மடியிலயே வையி" என்று சொல்லிவிட்டு, வலது பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

என்ன கேட்டேன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை. எழுதிப் பார்க்க எனக்குத்தான் ஆசை. நாயனக்காரர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சை இழுப்பது கேட்டது. வலது பக்கம் தவில்; விரல் விழும் பக்கம் வேறு, குச்சி விழும் பக்கம் வேறு என்று பிரிந்து கேட்டது. தாளம், அதுதான் ஜால்ரா, இடது பக்கத்து மூலையிலிருந்து வந்தது. அந்த மூலையில் உன் வீட்டுக் குடைதான் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். என் வயதுக்கு நான் அதுவரை பாட்டே கேட்டதில்லை என்று தோன்றியது. முடிந்ததும், "சத்தம் நல்லாத்தான் இருக்கு. வெலதான் சாஸ்தி" என்றேன். வீம்பு முழுசாகப் போய்விடுமா? நீ வயிறு குலுங்கச் சிரித்தாய்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை பத்து மணி என்றால் எனக்குப் பிரம்பு நாற்காலி, உனக்குத் தரை. ஒன்றரை வருடத்துக்கு மேல் நடந்தது. போகப்போகச் சத்தத்தைக் கூட்டி வைத்தாய். பிறகு கூட்டினாலும் தாளம் உனக்கு எட்டவில்லை. "இடது பக்கம் என்னட்டி நடக்கு?" என்று கேட்பாய். "தாளம் நிக்கி, ஒரு நாயனம் மட்டும் போகுது" என்று நான் சொல்லுவேன். காது மெஷின் வந்தது. அதில் நாயனம் தகரத்தை உரசுவதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாய். "குச்சி விழுது" என்பாய். மிகச் சரியாக அந்த நொடியில் விழும். கடைசி மாதங்களில் உன் கைதான் கேட்டது. நான் சிக்கனமாகத் தேர்ந்தெடுத்த பெட்டியில் நீ கையை வைத்திருந்தால் வெறும் பலகைதான் தட்டுப்பட்டிருக்கும். அது ஒன்றுக்கே இரண்டேகால் லட்சம் தகும். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

காது முழுவதும் அடைபடும் வரைகூட மாரடைப்பு உன்னை விட்டு வைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் போய்விட்டாய்.

இன்று மத்தியானம் ஒயர் மாட்டுவதற்கு அதே கடைக்காரர் வந்தார். டேப்பை வைத்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அளந்து பெட்டிகளை நிறுத்தினார். பிறகு ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, முன்னே பின்னே நகர்த்தி ஓரிடத்தில் போட்டார். நானும் மகனும் சேர்ந்து கேட்போமே, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள் என்றேன்.

"ரெண்டு பேருக்கு வராதுக்கா. ரெண்டு பெட்டியும் சேந்து முழுசா கேக்கது ஒரு ஆளுக்குத்தான். இந்த எடம் மட்டுந்தான். தள்ளி உக்காந்தா பக்கத்துப் பெட்டிதான் பேசும்" என்றார். பிறகு, "அந்த அக்காட்டயும் இதச் சொல்லி, நாற்காலிக் கால் வைக்க தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்தேனே" என்றார்.

நீ தரையில் உட்கார்ந்தது பெட்டியில் கை வைப்பதற்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த முதல் வியாழக்கிழமை உனக்குக் கை தேவைப்படவில்லை. அன்று உனக்குக் காது கேட்டது. இரண்டு காதாலும் கேட்க வேண்டும் என்று வளையலை விட்டு, என்னிடம் சொல்லடியும் பட்டு நீ வாங்கிய இடம் அது. மற்ற ஆறு நாளும் அதில் நீதான் உட்கார்ந்திருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் வியாழக்கிழமையும் உன் காதுக்கு இருந்த நாட்களில் ஒன்றுதானே? அதில் ஒன்றைக்கூட நீ எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் போன பிறகு மகனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவன் போனை வாங்கி வைத்தேன். "கைய மடியில வையிலே. தலையச் சாய்க்காத" என்று தலையைப் பிடித்து நேராக்கினேன். நாயனத்தைப் போட்டுவிட்டு, வலது பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது உண்மைதான். எனக்குத் தவில் மட்டும்தான் வந்தது. தாளம் வந்தபோது மகன் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறிய மாற்றத்தை நான் முழுசாகப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து பாட்டு சரியாகக் கேட்காது. நாற்காலியில் இருப்பவரின் முகம் நன்றாகத் தெரிகிறது.