ஒரே பொட்டலத்தில் இரண்டு நிறம்

ஜனவரி 8, வியாழன்

காலையில் உறைபனி. ஸ்கூட்டர் சீட் முழுக்க வெள்ளை. உதைத்து உதைத்துக் கால் வலி. ஆபீசுக்கு எட்டு நிமிடம் தாமதம்.

லீவு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பிரண்டெண்ட் வழக்கமான கேள்வி. வெலிங்டன் ராணுவ ஆபீசில் கிளார்க்காக இருக்கிற அம்மாளுக்குக் கார் ராலியில் என்ன வேலை, வண்டியும் ஓட்டுவதில்லையே? ஆறு வருடமாகச் சொல்லும் அதே பதில். ஓட்டுகிறவன் கிருபா, பக்கத்து சீட்டில் நான், நேவிகேட்டர். போட்டிக்கு முன்னால் இருவரும் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் நோட்டில் எழுதிக்கொள்வோம். போட்டியன்று நான் படிக்கப் படிக்க அவன் ஓட்டுவான்.

"அப்ப வண்டி ஓடுறது உங்க வாயிலதானுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். அது போதும்.

பாக்கி வேலை:
– பென்சில் ஆறு, ரப்பர் இரண்டு (நோட்டில் பேனாவே ஆகாது. இரண்டாம் தடவை போகும்போது திருத்தணும்)
– கேஸ் புக் பண்ண
– கிருபாவிடம் சொல்ல

மூன்றாவது, பத்து நாளாக இந்தப் பட்டியலிலேயே குடியிருக்கிறது.

ஜன. 10, சனி

மூடுபனி. துணி காயவில்லை. கண்ணாடி முன் நின்று ஒத்திகை. "கிருபா, நான் கோயமுத்தூர் டீமுக்குப் போறேன். தீபிகாவுக்கு நேவிகேட்டரா. கையெழுத்துப் போட்டாச்சு." மூன்றே வாக்கியம். அதற்கு இத்தனை எச்சில் விழுங்கல்.

18ஆம் தேதி அறிவிக்கப்போகிறார்கள். அதற்கு முன் என் வாயால் அவனுக்குத் தெரியணும். ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டால் இத்தனை வருடப் பழக்கத்துக்கு என்ன மரியாதை?

ஏன் போறீங்க என்று கேட்டால்? நவம்பர் என்று சொல்வேனா? கடைசி ராலி, தேயிலைத் தோட்டத்துப் பாதை, நோட்டில் 23ஆம் பக்கம். "இடது கொண்டை ஊசி, மெதுவா, உள்ளே வெட்டாதே." படித்தேன். வெட்டினான். உள்ளே கல். வண்டி இரண்டு புரண்டு செடிகள்மேல் போய் நின்றது. எங்கள் இருவருக்கும் சிராய்ப்புதான். வண்டிக்குள் இருந்த கேமரா தூள், எப்போது சொன்னேன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி.

மறுநாள் ஸ்பான்சர் முன்னால் எங்கள் டீம் மேனேஜர் வாசித்த அறிக்கை: நேவிகேட்டர் தாமதமாகச் சொன்னார். போஸ்டரில் இருப்பது கிருபாவின் முகம், அதில் கீறல் விழக்கூடாதே. கி. அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் பேசவில்லை. இப்போது அதைவிட மோசம். நிஜமாகவே தாமதமாகத்தான் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம்.

மாலை கி. போன். நேற்றுதான் பேசினோம், இன்று "ஏனுங்க்கா, சௌக்கியமா?" என்கிறான். ஊட்டிக்குப் போகிறானாம், டீயில் தொட்டுக்கொள்ள வர்க்கி வாங்கிவரட்டுமா என்றான். அப்புறம் "ஒண்ணுமில்லீங்க்கா" என்று வைத்துவிட்டான். பாவம், புது சீசனுக்கு என்னையே நம்பிக்கொண்டிருக்கிறான். சோறு இறங்கவில்லை.

ஜன. 12, திங்கள்

புது டீம் உடுப்பு கூரியரில் வந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். இதைப் போட்டுக்கொண்டு ஒளியவே முடியாது.

பெயரும் ரத்த வகையும் தைக்கணும். மதியம் பஜாரில் ராமு மாஸ்டர் கடை. பட்டாளத்து பேட்ஜ் தைப்பவர். எங்கள் இருவர் உடுப்புக்கும் எப்போதும் அவர் ஊசிதான். நிறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றேன். முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிப்பா, பல்வலியா, தெரியவில்லை.

"என்ற வாயில இருந்து ஒரு சொல்லு வராதுங்க" என்றார். நாளை சாயங்காலம் ரெடி. அப்புறம் கடை பூட்டு, பொங்கலுக்குப் பொள்ளாச்சி.

ஜன. 13, செவ்வாய்

மாஸ்டர் பஸ் பிடிக்கும் அவசரத்தில். ஷட்டர் பாதி இறக்கியாச்சு. பேப்பரில் சுற்றிச் சணல் கட்டின பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கொஞ்சம் கனம்.

வீட்டில் பிரித்தேன். மேலே மஞ்சள்: மாலதி, பி பாசிட்டிவ். அடியில் கருநீலம். வேறு யாருடையதோ என்று விரித்துப் பார்த்தால்: கிருபாகரன், ஓ பாசிட்டிவ். முதுகில் பெங்களூர் டீமின் பெயர்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கால்மணி நேரம் நல்ல கோபம். எனக்குத் தெரியாமல் பெங்களூரா? பக்கத்திலேயே உட்கார்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவான்? திட்டி முடித்துத் திரும்பினால் பக்கத்தில் என் மஞ்சள்.

அப்போது பிடித்த சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டையும் காட்டினேன். அவனும் மாஸ்டரிடம் இதையேதான் சொல்லியிருப்பான், யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று. மனுஷர் இருவர் ரகசியத்தையும் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் எங்கள் உடுப்பு இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, முதலில் வருகிறவர் கையில் கொடுப்பதுதான் அவர் கடை வழக்கம். அவசரத்தில் கை தன் பாட்டுக்கு அதைச் செய்துவிட்டது.

அப்பாடா. பெரிய எழுத்தில் எழுதலாம்: அப்பாடா. ரசம் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜன. 14, புதன். போகி

நல்ல வெயில். குன்னூர் போய் கி. வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் இருந்த நீலத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"நானே சொல்லலாம்னுதானுங்க்கா…"

பேசவிடவில்லை. பையிலிருந்து மஞ்சளை எடுத்து அவன் கையில் போட்டேன். பெயரைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"எப்பத்துல இருந்துங்க்கா?"

"டிசம்பர் கடைசி. நீ?"

"அதே வாரந்தானுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். பெங்களூரில் ஏற்கனவே நேவிகேட்டர் இருக்கிறாராம், என்னையும் கேட்டுப் பார்த்தானாம், முடியாது என்றுவிட்டார்களாம். சனிக்கிழமை போன் செய்தது இதைச் சொல்லத்தான். வாய் வராமல் வர்க்கிக்குப் போய்விட்டது. நான் சாப்பிடாமல் கிடப்பேன் என்று பயந்தானாம். கிடந்தேன், ஆனால் வேறு காரணத்துக்கு என்றேன்.

நவம்பர் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது அந்த ராலி நோட்டு நாலு நாள் வேண்டும் என்றான். புது நேவிகேட்டருக்கு அந்தப் பாதை தெரியாதாம். கொஞ்சம் யோசித்தேன். சரி என்றேன்.

ஜன. 18, ஞாயிறு

இரண்டு அறிவிப்பும் வந்தாச்சு. ஊரே போன்.

நேற்று நானும் கி.யும் சேர்ந்தே போய் மேனேஜரிடம் விலகல் கடிதம் கொடுத்தோம். என்னுடையதை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டார். அத்தனை சந்தோஷம். அடுத்து கி. தன்னுடையதை நீட்டினான். தண்ணீர் கேட்டார்.

நோட்டையும் அப்போதே அவனிடம் கொடுத்தாச்சு.

இன்று தீபிகாவோடு முதல் பயிற்சி, ஒரு எஸ்டேட்டின் சொந்த ரோட்டில். சுத்தமான ஓட்டு, சொன்னதைக் கேட்கிற பெண். கோளாறு என்னிடம். எல்லாவற்றையும் முன்னதாகவே சொல்லித் தொலைக்கிறேன்.

"நீங்க சொல்ற வளைவு வரவே மாட்டேங்குதுங்க்கா" என்றாள், பணிவாகத்தான்.

காரணம் எனக்குத் தெரியும். தாமதமாகிவிடுமோ என்று பயம். டீம் மாறினேன், பயத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் இப்படியே என்றால் அவளே வேறு ஆள் தேடிக்கொள்ளலாம். தேடவும் வேண்டும்.

ஜன. 24, சனி

வெயில். உடுப்பு துவைத்தேன், காய்ந்தது. கேஸ் வரவில்லை.

மாஸ்டர் ஊரிலிருந்து வந்து கடை திறந்துவிட்டார். போன்: கிருபா ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். உடனே கடைக்குப் போனேன். மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. போகி அன்றைக்கு என்ன நடந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான் போல. "இது உங்குளுது மட்டுந்தானுங்க, நல்லாப் பாத்துட்டேன்" என்றார்.

அதே பேப்பர், அதே சணல். உள்ளே நோட்டு. கை நேராக 23ஆம் பக்கத்துக்குப் போனது. என் பென்சில் வரிக்குக் கீழே அவன் கையெழுத்து:

"நேரத்துக்குத்தான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. – கிருபாகரன்."

பஜாரிலேயே படியில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரரிடம் காட்டினேன். மேனேஜருக்கு ஒரு போட்டோ அனுப்பு என்கிறார். பார்க்கலாம்.

நாளை காலை பத்து மணிக்கு தீபிகா வருகிறாள். ஆறு பென்சிலும் சீவியாச்சு.

அவன் எழுதியிருப்பது பேனாவில். ரப்பரை எடுத்து ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.