அறுத்துக்கொண்டு ஓடிய ஆடு

2005 ஜனவரி 9, ஞாயிறு
என் செய்தி முதற்பக்கத்தில். கல்முனைக்குடியில் கடலுக்கு நூறு மீற்றர் தள்ளி வீடு. சுனாமி வரக் கால்மணி நேரம் முன் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு மெயின் றோட்டுப் பக்கம் ஓடியது. பிடிக்கப் போன காலிதீன், மனைவி ஹப்ஸா, இரண்டு பிள்ளைகள் தப்பினார்கள். வீடு இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்த இரண்டு கிழமையில் நான் எழுதியதில் யாரும் சாகாத செய்தி இது ஒன்றுதான்.

பெப்ரவரி 22
வெளிநாட்டு விலங்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் என் செய்தியின் மொழிபெயர்ப்போடு வந்தார். ஆடு கேட்டதா, மணந்ததா, அதிர்வைக் காலால் அறிந்ததா? அரை நாள் பார்த்தார். ஆடு அவருடைய படிவத்தில் ஒரு பக்கத்தைத் தின்றது. வீடு இருந்த வளவில் மிஞ்சி நின்ற பூவரச மரத்தைக் காட்டி, எந்தக் குடும்பம் என்று கேட்டார்.
"எங்கட குடும்பம்தான், வேற ஆருட?" என்றாள் ஹப்ஸா. நான் மொழிபெயர்க்கவில்லை.
கரை நெடுக ஆடுகள், கழுத்தில் மணி, மணியிலிருந்து கம்பி, கம்பி முனையில் சைரன் - படம் வரைந்து காட்டினார். புதுக் கண்டுபிடிப்பாம்.

மார்ச் 3
காலிதீன் தனியாக வந்தான். அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான்.
"காக்கா, ஒரு பிழை நடந்திட்டு. ஆடு கயித்த அறுக்கல்ல. நாங்கதான் ஆட்ட அறுக்கப் போன."
சம்மாந்துறையில் இருக்கும் மூத்த மகளின் பிள்ளைக்குப் பேர் வைக்கையில் அறுக்க வாங்கிய ஆடு. கத்தியைக் கண்டதும் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு ஓடியிருக்கிறது. அது கண்டது கடலை அல்ல, கத்தியை.
என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "ஆடு - அறு - ஓடு." யார் எதை அறுத்தது என்று இல்லை. இளம் நிருபர்களுக்கு எழுவாய், செயப்படுபொருள் பற்றி வகுப்பெடுப்பவன் நான்!
"ஹப்ஸாக்குச் சொல்லிராதீங்க. அந்த நேரம் அவ குசினிக்குள்ள சமையல்ல. ஆடு சொல்லித்தான் தப்பின எண்டு நம்புறா."

மார்ச் 4
திருத்தம் எழுதினேன். அனுப்பவில்லை.

ஜூன் 17
கடலுக்கு இருநூறு மீற்றருக்குள் வீடு இருக்கக் கூடாது என்கிறது அரசாங்கம். ஹப்ஸா பழைய வளவில் தகரக் கொட்டில் போட்டுவிட்டாள். வளவை விட்டு எழும்பச் சொல்லி வந்த உத்தியோகத்தரிடம் என் பத்திரிகைத் துண்டை நீட்டினாளாம்: "கடல் வந்தா ஆடு சொல்லும் சேர். பேப்பர்லயே போட்டிரிக்கு."
அதாவது, என் பிழையை நம்பி நாலு பேர் கடலோரம் படுக்கிறார்கள்.

2007 செப்டெம்பர் 12
சுமாத்திராவில் பூமி அதிர்வு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கரையை விட்டுப் போகச் சொன்னார்கள். ஊரே மேற்கே போக, நான் கிழக்கே, கடல் பக்கம், சைக்கிள் மிதித்தேன். பிழை என்னுடையதல்லவா?
ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஹப்ஸா.
"ஆடு எழும்பட்டும் காக்கா."
"அது நான் பிழையா எழுதின, புள்ள! ஆட்டுக்கு ஒண்டும் தெரியா!"
அவள் அசையவில்லை. காலிதீன் உள்ளே போய்க் கத்தியோடு வந்தான். ஆடு ஒரே பாய்ச்சல். பின்னால் ஹப்ஸா. அவள் பின்னால் நாங்கள். றோட்டில் நின்றவர்கள், "ஆடும் ஓடுதுடோ!" என்று இன்னும் வேகமாக ஓடினார்கள்.
கடல் வரவில்லை.

2009 மே 19, செவ்வாய்
யுத்தம் முடிந்துவிட்டது. சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். யுத்தம் முடியும் என்று முன்கூட்டியே அறிந்தவர் யாராவது உண்டா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். இல்லை என்றேன்.
திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஹப்ஸாவிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவள் ஆட்டுக்குப் பூவரசங் குழை போட்டுக்கொண்டே கேட்டாள்.
"எனக்குத் தெரியாதா காக்கா? அந்தக் கத்தியத் தீட்டிக் குடுத்ததே நான்தான்."
"பிறகு ஏன் அந்த உத்தியோகத்தரிட்ட - ?"
"வேற எதக் காட்டி வளவக் காப்பாத்துற?"
"அப்ப அண்டைக்கு, ஒலிபெருக்கில சொன்ன நேரம், ஏன் ஆட்டுக்குப் பின்னால ஓடின?"
"ஆடு ஓடக்குள்ள நான் நிண்டா, உங்கட பேப்பர் பொய்யாப் போயிருமே." சிரித்தாள். "இனிப் போடுங்க. போன கிழம வளவுக்குப் பெர்மிட் கிடைச்சிட்டு."
ஆசிரியருக்குப் போனில் வாசித்தேன். "நாலு வருசத்துக்கு முந்தின ஆட்டுக்கா? இண்டைக்கு இடமில்ல."
சந்தியில் மறுபடி வெடி. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.
கயிற்றைத்தான். இரண்டு தரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.