ஐந்தாம் பாட்டில் இரண்டு மூச்சு

பிப்ரவரி 26, புதன்

லேபில் இன்று நாற்பத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். போனில் கூப்பிட்ட மூன்று பேரும் என்னை ஆண் என்று நினைத்து "சேட்டா" என்றார்கள். திருத்துவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். குரல் கீழே போனது போனதுதான். இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், யாரையும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை எங்கள் முதல் ஆல்பம் வருகிறது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நாற்பத்தொரு வயதில், சர்ச் கொயரில் பதினாறு வருடம் பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோ பாடிய ஜிஜா, ஹார்டு ராக் பேண்டில்! எல்லாம் மோகனண்ணன் பார்த்த வேலை. லேபில் வயரிங் சரிசெய்ய வந்தவர், நான் "அடுத்த ஆளு!" என்று கத்தியதைக் கேட்டுவிட்டு ஏணியில் நின்றபடியே, "சிஸ்டரே, பாடுவியளா?" என்று கேட்டார். அவர் கிட்டார், ஷிபு டிரம்ஸ், பிபின் பேஸ். பேண்டுக்குப் பெயர் நாலுமணி வண்டி.

பாடியவர் பெயரை ஜே.ஆர். என்று போடச் சொன்னேன். போட்டோவும் வேண்டாம் என்றேன். "பாவம், எப்பிடிப் பாடின பிள்ளை, இப்ப கெடந்து கத்துறா" என்று கொயரில் ஒரு வாய் சொன்னாலும் நான் தாங்கமாட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வந்துவிட்டது. எட்டுப் பாட்டு. வீட்டுக்காரர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுசும் கேட்டார். பஸ் டிப்போ யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை.

"எப்பிடி இருக்கு?"

"ம்."

"ம்முன்னா?"

"சாயா போடட்டா?"

மனுசனா இது!

மார்ச் 2, ஞாயிறு

பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் இருந்தேன். எதிரே கொயர். முன்வரிசையில் நான் நின்ற இடத்தில் இப்போது என் தோழி சானுவின் மகள் நிற்கிறாள். நன்றாகத்தான் பாடுகிறாள். கடைசி வரிசையில், ஆண்களின் மேல்குரலான டெனரில் இவர். டெனருக்கு ஆளே இல்லை, மூன்று பேர்தான், அதில் ஒருவருக்கு எப்போதும் இருமல்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொயர் லீடர் சுகிர்தபாயக்கா சொன்னது: "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு மக்கா. குரலு செரியாவட்டு." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. வாசலில் பார்த்தால் சிரிப்பார். கொயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் கேட்டதில்லை. என்னத்துக்குக் கேக்கணும்?

மார்ச் 5, புதன்

ஆல்பத்துக்கு நெட்டில் அபிப்பிராயங்கள் வரத் தொடங்கிவிட்டன. கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரைக்காரர்கள், இது தமிழ் ஆல்பம், நமக்கு எதற்கு என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்காரர் ஒருவர், மலையாளிகள் தமிழில் பாடினால் இப்படித்தான் என்கிறார். இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். எட்டாவது பாட்டு தொடங்கும்போது பாறசாலையில் ஏறினால் காட்டாக்கடையில் இறங்கும்போதும் தீராதாம். டிரம்ஸ் தகரத்தில் அடித்த மாதிரி இருக்கிறதாம். ஷிபு இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை.

ஜே.ஆருக்கு மட்டும் நல்ல பேர். "சேட்டனுக்க தொண்டையில ஜல்லி மெஷின் உண்டு." "எலே, யாருலே இந்த ஆளு? இவன் ஒருத்தனுக்காகக் கேட்கலாம்." முந்நூறு பேர் பாராட்டியிருக்கிறார்கள், எல்லாரும் ஓர் ஆணைப் பாராட்டியிருக்கிறார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா? இரண்டும் செய்தேன்.

மார்ச் 8, சனி

இவரிடமிருந்து இன்னும் "ம்"தான்.

மார்ச் 11, செவ்வாய்

காட்டாக்கடையிலிருந்து ஸ்மிதா என்று ஒருத்தி மலையாளத்தில் எழுதியிருக்கிறாள். மறந்துபோகாமல் இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"பாடியது ஆண் இல்லை. எனக்கும் தைராய்டு எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் பாட்டின் நீளமான வரியில் நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்குவது கேட்கிறது. காற்று ஒழுகிப்போகும் தொண்டைக்குத்தான் அப்படி வாங்கவேண்டி வரும். சேச்சி யாராயிருந்தாலும் நன்றி. நான் ஒரு வருடமாகப் பாடவில்லை. நேற்று துணி துவைக்கும்போது பாடினேன்."

அந்த மூச்சை வெட்டிவிடலாமா என்று ரிக்கார்டிங்கில் கேட்டார்கள். நானும் வெட்டச் சொன்னேன். மோகனண்ணன்தான், "அது அங்கின கெடக்கட்டு, பாடின ஆளு உயிரோட உண்டுண்ணு தெரியட்டு" என்றார். அண்ணா, நீங்க நல்லா இருக்கணும்.

மார்ச் 12, புதன்

ஸ்மிதாவுக்குப் பதில் போட்டேன். எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே. "ஆமாம். நான் ஜிஜா. குளத்தூர். துவைக்கும்போது மட்டும் போதாது, சமைக்கும்போதும் பாடு." அனுப்பிவிட்டுப் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சானு கட்டிப்பிடித்துக்கொண்டாள். பின்பெஞ்சில் ஒருத்தி, "கர்த்தர் தந்த குரல வச்சு என்ன பாட்டு இது" என்றாள். கர்த்தர் இப்போது தந்திருப்பது இந்தக் குரலைத்தானே, பின்ன எதை வைத்துப் பாட?

சுகிர்தபாயக்கா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறிவிட்டார். அதுதான் வலிக்கிறது. ஊரெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லட்டு, அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லணும் எனக்கு. அம்புட்டுதான்.

மார்ச் 29, சனி

காலை ஏழரைக்கு லேபில் முதல் ஆளாக சுகிர்தபாயக்கா. வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்திருக்கிறாராம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையை நீட்டினார். மறுகையால் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் ஊசித் தட்டின் மேல் வைத்தார். டோ ரே மீ என்று ஸ்வர எழுத்து. எங்கள் ஐந்தாம் பாட்டு, முதல் வரி முதல் கடைசி வரை!

"அந்த டிரம்ஸுக்கெடையில பிடிச்சு எழுத ரெண்டு வாரம் ஆச்சு. எனக்குத் தலவலியே வந்துட்டு" என்றார். "கீழ இதுவரைக்கும் எறங்குற, மேல இதுவரைக்கும் ஏறுற. இது முழுசும் டெனர் ஆக்கும்."

"அக்கா, நான் பொம்பள."

"அது எனக்குத் தெரியாதா? அடுத்த சனிக்கிழம பிராக்டீசுக்கு வா. டெனர் பெஞ்சில இரு." காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒங்கிட்ட என்ன சொல்லணும்ணு தெரியாமலே ரெண்டு வருசம் இருந்துட்டேன் மக்கா. தப்பு எனக்கதான்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்து நரம்பே தெரியவில்லை.

"ஊசிய வச்சுக்கிட்டு அழாத பிள்ளே, எனக்குப் பயமா இருக்கு" என்றார். துடைத்துக்கொண்டு எடுத்தேன். ஒரே குத்தில் கிடைத்தது.

ஏப்ரல் 5, சனி

பிராக்டீஸ். மூச்சு இரண்டு இடத்தில் தட்டியது. "அந்த ரெண்டெடத்திலயும் வாங்கிக்க, மத்தவங்க தாங்கிக்கிடுவாங்க" என்றார் அக்கா. ஸ்தோத்திரம் ஆண்டவரே. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மூன்று ஆண்களோடு கடைசி வரிசையில் நின்றேன். சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்தன்று பக்கத்தில் நின்றதோடு சரி. பதினான்கு வருடம் கழித்து இன்றைக்குத்தான் இவர் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் சரணம் சரியாக வந்தது. மூன்றாம் சரணத்தில் டெனர் மெலிந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பார்த்தால் இவர் வாய் மூடியிருக்கிறது. வரி மறந்துவிட்டதோ என்று விரலால் தொட்டுக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். கடைசி வரைக்கும் பாடவே இல்லை.

வெளியே வந்ததும், "என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கேட்டுக்கிட்டு நின்னேன்."

அதற்குள் சுகிர்தபாயக்கா கையில் குருத்தோலையோடு எங்களிடம் வேகமாக வந்தார். "எலே ராபின்சா, டெனருக்கு ஒரு ஆளு கூடிச்சேண்ணு நான் சந்தோசப்பட்டா, உள்ள ஆளும் பாட்ட நிறுத்திட்டியே!"