குடைக்கடியில் குனியாத தலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். படித்தபிறகு கிழித்துப் போட்டாலும் சரி, அடுப்பில் வைத்தாலும் சரி. கடைசி வரி வரைக்கும் படித்துவிடு, அது போதும்.

முதலில் அம்மாவின் உடம்பு. இளைப்பு குறையவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். சர்க்கரையும் இறங்கவில்லை, நான் எதிரில் நின்றால்தான் மாத்திரையை விழுங்குகிறாள். எதிர்வீட்டு டெய்லருக்கும் அவர் மனைவிக்கும் காய்ச்சல் வந்து இரண்டு பேரும் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத்தான் இடம். அம்மா இன்னும் அந்தக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தெருமுனையில் அப்பாவுக்கு வைத்திருக்கிற அஞ்சலிப் பேனரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசகம் உன்னுடையது. படம் எதுவென்று தெரியுமா? என் கல்யாணப் படம். என்னை வெட்டி எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் பெரிதாக்கி இருக்கிறார்கள். வெட்டத் தெரியாமல் வெட்டியதில் என் விரல்கள் இரண்டு அவர் தோளிலேயே நின்றுபோயின. கீழே கொட்டை எழுத்தில் நீ எழுதிக் கொடுத்தது: ‘குடைக்கடியில் குனியாத தலை.’ அம்மா தினமும் காலையில் ஈரத்துணியோடு போய் அந்தப் பேனரில் கைக்கு எட்டுகிற வரைக்கும் துடைத்துவிட்டு வருகிறாள். அவள் கைக்கு எட்டுவது உன் வாசகம் மட்டும்தான். முகம் உயரத்தில் இருக்கிறது.

நீ தூரத்தில் இருக்கிறாய், இங்கே கூத்து எப்படி நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. குடைக் கட்சியும் சாவிக் கட்சியும் அடித்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அப்பா கொட்டுகிற மழையிலும் குடை பிடிக்கமாட்டார், எதிரிச் சின்னம் என்று. வெல்டிங் பட்டறையிலிருந்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வருவாரே, நீயும் நானும் ஜன்னலில் நின்று சிரிப்போமே. அந்தப் பக்கமும் சளைத்ததா? கவுன்சிலர் தன் வீட்டுக் கதவில் சாவிப் பூட்டு வேண்டாமென்று நம்பர் பூட்டு போட்டு, நம்பரை மறந்து, ஏணி வைத்து மாடி வழியாக உள்ளே இறங்கினாரே. நம் கட்சி ஆட்சியில் கொசுப்புகை வண்டி வந்தபோது, சாவி வண்டி தன் தெருவுக்குள் வரக்கூடாது என்று மறித்ததும் அதே ஆள்தான். அந்தத் தெருவே மூட்டுவலிக் காய்ச்சலில் நொண்டியது, அவரும் நொண்டினார். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டானாம் ஒருவன். இந்த ஊரில் மூக்கோடு இருப்பவர்களை எண்ணிவிடலாம்.

இப்போது ஆட்சி அவர்களுடையது, ஊசியும் அவர்கள் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர்கள் சும்மா போடலாம் இல்லையா? எங்கள் ஆஸ்பத்திரியின் முன்வாசலில் லாரி நுழைகிற உயரத்துக்கு ஒரு துணிக்குடை. அதில் அவர்கள் தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஊசி போட வருகிறவன் அந்தக் குடைக்குக் கீழே நுழைந்துதான் வரவேண்டும். எங்கள் டாக்டரம்மா கவுன்சிலரிடம் கெஞ்சினார், இதை எடுங்கள், ஜனங்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று. வராதவன் போய்ச் சேரட்டும் டாக்டர், ஓட்டுப் பட்டியலாவது சுத்தமாகும் என்றார் அந்த ஆள். சிரித்துக்கொண்டே சொன்னார். த்தூ.

நம் ஆட்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? மறுநாளே மைக் மாமா ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளைச் செயலாளர் ஆனபிறகு அந்த மனிதர் மைக்கைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. குடைக்கடியில் நம் ஆள் ஒருத்தன் தலை நுழையக்கூடாது, நுழைந்தவன் நம்மவன் இல்லை என்று தெருத்தெருவாகக் கத்தினார். ஊசியில் என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா கடைசியில் பின்வாசலைத் திறந்தார். ஜெனரேட்டர் அறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் இருக்கிற இரும்புக் கதவு. அங்கே ஒரு ஸ்டூலும் ஐஸ்பெட்டியும் போட்டு என்னை உட்கார வைத்தார். வருகிறவர் யார் என்று வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கைமேல் சத்தியம் வாங்கினார். பெயர் கசிந்தால் அடுத்தவன் வரமாட்டான். அதில் எனக்கும் சம்மதம்தான், இன்றைக்கும் சம்மதம்தான்.

வந்தார்கள் தம்பி. சாரைசாரையாக வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் சட்டைக் கையை மட்டும் சுருட்டி நீட்டியவர்கள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளை வண்டியில் உட்காரவைத்து ஒவ்வொருவராக அனுப்பியவர்கள். காலையில் நான் ஊசி போட்ட ஒரு கையை, மாலையில் மேடையில் உயர்த்திக் கோஷம் போடும்போது பார்த்தேன். வலித்திருக்க வேண்டும், பாதியில் இறக்கிவிட்டு மற்றக் கையை உயர்த்தினார். யார் என்று கேட்காதே, நான் சொல்லமாட்டேன். நீயாக யாரை நினைத்துக்கொண்டாலும் அது உன் பாடு. எனக்கு அந்தக் குப்பைத் தொட்டி நாற்றம்கூடப் பழகிவிட்டது. இவர்களுடைய நாற்றம்தான் பழகவில்லை.

ஊசி போடாமல் இருந்தவர் யார் தெரியுமா? நம் அப்பா. கிளையில் அத்தனை பேரும் சொன்ன சொல்லை உண்மையென்று நம்பிய ஒரே ஆள். நான் எவ்வளவோ மன்றாடினேன். பின்பக்கமாக வாருங்கள், நானே போடுகிறேன், காக்கைக்கும் தெரியாது என்றேன். “முன்வாசல்ல குடை, பின்வாசல்ல திருட்டு. நான் திருடனா?” என்றார். கண்ணாடி போடாமல் ஒரு நாள் வெல்டிங் வைத்திருப்பாரா அந்த மனிதர்? கையுறை இல்லாமல் தொடவந்த பட்டறைப் பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டியவர். கண்ணுக்குத் தெரிகிற நெருப்புக்கு அவ்வளவு பயந்தவர்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது, அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வராது, அந்தச் சந்து குறுகல். முன்வாசலில் இறக்கி ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனோம். அந்தக் குடைக்குக் கீழேதான் போனார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர், குடை தலைக்குமேல் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாண்டியதும் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி என்னால் எழுத முடியாது.

இரங்கல் கூட்டம் நடந்த அன்று பார்த்திருக்க வேண்டும் நீ. மாஸ்க் இல்லாமல் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஏன் பயப்பட வேண்டும், எல்லாருக்கும்தான் உள்ளே மருந்து இருக்கிறதே. மைக் மாமா அழுதார். உயிரை விட்டாரே தவிரக் கொள்கையை விடவில்லை, இந்தக் குடும்பமே கட்சிக்கு உதாரணம் என்றார். கைதட்டினார்கள். செத்த வீட்டில் கைதட்டினார்கள் தம்பி! போதாததற்குக் கவுன்சிலர் மலர்வளையம் அனுப்பியிருந்தார், அதற்கு நடுவில் ஒரு குட்டிக் குடை. நம் ஆட்கள் அதைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு அப்பாவையே மறந்துவிட்டார்கள். கருமம், கருமம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஏன் மறுக்கிறாள் தெரியுமா? அவளுக்குக் கட்சியுமில்லை, கத்தரிக்காயுமில்லை. “உங்கப்பா வேணாம்னு வைராக்கியமா போய்ச் சேர்ந்தாரு. நான் போய்க் கையை நீட்டினா, அவரு முட்டாத்தனமா செத்தாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்” என்கிறாள். நான் நர்ஸ், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், அதனால் குடைக்காரி ஆகிவிட்டேன். என் வாயிலிருந்து எது வந்தாலும் அது அவர்கள் பேச்சு. நம் ஆட்களும் போட்டுக்கொண்டார்கள் அம்மா என்று பெயர் சொல்லாமல் சொல்லிப் பார்த்தேன். பெயரைச் சொல்லு பார்க்கலாம் என்றாள். வாயை மூடிக்கொண்டேன். உடனே, பார்த்தியா, பொய்தானே என்றாள். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டுக்கொள்: “தம்பி படிச்சவன், ஊரு உலகம் பாத்தவன். அவனே அப்பா செஞ்சது சரின்னு எழுதியிருக்கான். உனக்கென்ன அவனைவிட அதிகமாத் தெரியுமா?”

உன் மனைவி போன வாரம் என்னோடு பேசினாள். பாவம், அவளுக்குச் சூது தெரியாது. மாமனார் போன துக்கத்தோடு இவருக்கும் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது அண்ணி, இரண்டாவது ஊசி போட்ட கை வீங்கிவிட்டது, காய்ச்சல் வேறு, ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன் என்றாள். இரண்டாவது ஊசி. போடாதவனை உங்கள் கம்பெனி வாசற்படி ஏறவிடாதாமே. அப்பா இருக்கும்போதே முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று அவளே சொன்னாள். அப்படியென்றால் ஒரு கையில் வீக்கம், மறு கையால் அந்த வாசகத்தை எழுதியிருக்கிறாய்.

நீ ஊசி போட்டுக்கொண்டதற்கு எனக்குக் கோபமில்லை. நல்லவேளை, போட்டுக்கொண்டாய். என் தம்பி உயிரோடு இருக்கவேண்டும். ஆனால் அந்தக் கிழவர் உன்னிடம் ஒருநாள் போனில் கேட்டாரே, நினைவிருக்கிறதா? நான் அப்போது பக்கத்து அறையில் அம்மாவின் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. அக்கா ஊசி போடச் சொல்லி உயிரை எடுக்கிறாள், நீ என்னடா சொல்கிறாய் என்று கேட்டார். பிடிவாதக்காரன் எதற்கு இன்னொருத்தனைக் கேட்கிறான்? போட்டுக்கோப்பா என்று ஒருவன் சொல்லமாட்டானா என்றுதான். நீ சொன்னது: “உங்க இஷ்டம்ப்பா. ஆனா இப்ப போட்டா மைக் மாமா என்ன நினைப்பாரு?” வெளிநாட்டுக் கிளைக்கு உன்னைச் செயலாளர் ஆக்கப்போகிற நேரம் அது. சரிடா என்று அவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு ஊசியைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

சீ என்று எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன் கதையை நான் அம்மாவிடம் சொல்லமாட்டேன். பின்வாசலில் வந்தவர்களுக்குக் கொடுத்த வாக்குதான் உனக்கும். ஊசி போட்டவன் பெயரை நான் சொல்லக்கூடாது, அவனாகத்தான் சொல்லவேண்டும். மேடையில் கையை உயர்த்தியவர் சொல்லப்போவதில்லை, மற்றவர்களும் சொல்லப்போவதில்லை. அம்மா நம்புகிற ஆள் என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன். பெரிய பேச்சு வேண்டாம். கட்சியை விடச் சொல்லவில்லை, பதவியை விடச் சொல்லவில்லை, பேனரைக்கூட இறக்கச் சொல்லவில்லை. “நான் போட்டுக்கிட்டேன்மா, நீயும் போட்டுக்கோ” என்று சொல். அவ்வளவுதான். அவள் அழுவாள், உன்னைத் திட்டுவாள், அப்பாவிடம் ஏனடா சொல்லவில்லை என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீதான் யோசிக்கவேண்டும்.

பின்வாசலை மூடிவிடலாமா, இப்போதெல்லாம் கூட்டமே இல்லையே என்று டாக்டரம்மா கேட்டார். இன்னும் ஒருத்தர் வரவேண்டியிருக்கிறது மேடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

நேற்று காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா நிமிராமலே கேட்டாள், ஊசி போட்டால் கை ரொம்ப வலிக்குமா என்று. ஒரு நாள் வலிக்கும் என்றேன். சாயங்காலம் போனைத் துடைத்து, சார்ஜ் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அப்பாவாவது உன்னைக் கேட்டார். அம்மா கேட்கமாட்டாள், கேட்டால் என்ன சொல்வாயோ என்று அவளுக்குப் பயம். நீயாகச் சொல்லு தம்பி.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கை வீக்கம் வடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வலி இருந்தால் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன்மேல் பாசம் போகாத,
அக்கா